பெரிய வெள்ளியன்று ஒரு சிவப்புத் துணி

எங்கள் ஊரில் பெரிய வியாழன் மாலையில் பெண் பிள்ளைகள் மலைச்சரிவில் பூப்பறிப்பார்கள். விடிவதற்குள் கோயிலில் இயேசுவின் உருவம் கிடத்திய பாடையைப் பூவால் மூடிவிட வேண்டும். அந்த வருஷம் ஆர்கிரோ பறித்ததெல்லாம் அவள் அப்பாவின் கல்லறையைச் சுற்றிப் பூத்த சிவப்பு அனிமோனிப் பூக்கள். அப்பா அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார்.

பொழுது சாய்ந்தால் அனிமோனி இதழ்களை மூடிக்கொள்ளும். உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெழுகுவத்திச் சூட்டில் பூக்கள் விரிந்தன. உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த குட்டி வண்டுகள் வெளியே வந்தன. பாடைமேல் ஊர்ந்தன. இரண்டு, சுடரில் விழுந்து கருகின.

"அடக் கடவுளே! ஆண்டவர் மேலயே பூச்சியா?" கோயில்பிள்ளை பானாகோஸ் அலறினார். "இரு, மருந்தடிச்சுத் தொலைக்கிறேன்!"

"வேணாம் மாமா!" ஆர்கிரோ குறுக்கே நின்றாள். "அப்பாவோட பூவுக்கு இதுங்கதான் மகரந்தம் கொண்டுபோகும். இதுங்க செத்துட்டா விதையே பிடிக்காது. அடுத்த வருஷம் அப்பாகிட்ட..." அழுகை வந்துவிட்டது.

பானாகோஸ் அவள் அப்பாவோடு தினமும் சீட்டாடியவர். மருந்து டப்பாவைக் கீழே வைத்தார். "சரி, அழாத. மணி அடிக்கிறதுக்குள்ள நீயே ஓட்டிடு. இல்லன்னா நான் மருந்த அடிச்சுருவேன்."

வண்டுகளை வெளியே இழுக்க அவள் கோயில் வாசல் வெயிலில் வெள்ளை மேசைவிரிப்பை விரித்தாள். ஒரு வண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் போன வருஷம் நினைவுக்கு வந்தது. பெரிய வியாழனன்று வீட்டுக்கு வீடு பால்கனியில் சிவப்புத் துணி தொங்கும். அவர்கள் வீட்டுத் துணியில் இதே வண்டுகள் வந்து உட்கார்ந்தன. "முட்டாப் பசங்க! பூன்னு நினைச்சுட்டாங்க பாரு. சிவப்புன்னா இவங்களுக்கு உசிரு!" என்று அப்பா சிரித்தார்.

வீட்டுக்கு ஓடினாள். இந்த வருஷம் அங்கே துணியும் தொங்கவில்லை, ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயமும் ஏறவில்லை. கறுப்பு உடையில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சிவப்புத் துணி வேணும்!"

"பைத்தியமா உனக்கு? துக்க வீட்டுல சிவப்பா? ஊர் என்ன பேசும்?"

ஆர்கிரோ மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுந்து பெட்டியைத் திறந்து, துணியைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தார். கடைக்கார வாசோ வாயைப் பிளந்தாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசல் வெயிலில் சிவப்புத் துணி விரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டு வந்து இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே வந்தது. பானாகோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

அம்மாவும் மகளும் துணியின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லறைக்கு மெதுவாக நடந்தார்கள். அங்கே பறிக்காத மொட்டுகள் நிறைய மிச்சம் இருந்தன. அவை வெயிலில் விரிந்திருந்தன. துணியைத் தரையில் விரித்ததும் வண்டுகள் ஒவ்வொன்றாகப் பூவுக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் துணியை விட்டு நகரவே இல்லை.

"முட்டாப் பய," என்றார் அம்மா. சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து ஆர்கிரோ பார்த்ததே இல்லை.

"துணியைப் பெட்டியில வெச்சிடவா அம்மா?"

"வேணாம். பால்கனியில கட்டு. ஒரு நாள் லேட்டானா உங்க அப்பா கோவிச்சுக்க மாட்டாரு."