டிரைவர் மாமாவுக்கு ஒரு போட்டோ

கேமராவைக் கணினியில் செருகி அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு படம்கூட வரவில்லை. அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது.

"எல்லாம் இந்த லினக்ஸால வந்த வினை! சும்மா இருந்த கம்ப்யூட்டரைச் சித்தி நோண்டிட்டுப் போயிட்டாங்க."

சித்தி கணினி பழுது பார்ப்பவர். எங்கள் பழைய கணினி கண் விழிக்கவே கால் மணி நேரம் ஆனபோது, அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட வைத்தவர் அவர்தான். அன்றைக்குச் சித்தியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவனும் இதே அண்ணன்தான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து. போட்டோ கடையை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். நாளையோடு டிரைவர் மாமா எங்கள் பள்ளிப் பேருந்தை விட்டுப் போகிறார். மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போகிறாராம்.

நாலு வருஷமாக எங்களை ஏற்றி இறக்குபவர் அவர். ஒன்றாம் வகுப்பில் நான் பேருந்திலேயே தூங்கிவிட்டால், என் பையையும் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்து விடுவார். மழை நாளில் தண்ணீர் தேங்காத இடமாகத் தேடித் தேடி நிறுத்துவார். அதற்காகப் பின்னால் வரும் வண்டிக்காரர்களிடம் திட்டும் வாங்குவார்.

அவருக்கு ஒரு போட்டோ கொடுத்து நன்றி சொல்வது என்று பேருந்தில் வரும் இருபத்திரண்டு பேரும் முடிவு செய்தோம். பள்ளிக்கு போன் கொண்டு போகக் கூடாது. அதனால் டீச்சரிடம் கேட்டுவிட்டு, அம்மாவின் பழைய கேமராவை எடுத்துப்போய் நான்தான் படம் பிடித்தேன். அதன் மெமரி கார்டு தொலைந்து ரொம்ப நாளாயிற்று. படம் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. வயர் வழியாகத்தான் அது வெளியே வர வேண்டும்.

"வராது நண்டு, விட்டுடு. வாயால நன்றி சொன்னா போதாதா?" என்றான் அண்ணன்.

வீட்டில் என் பெயர் நண்டு. எதையாவது பிடித்தால் விடமாட்டேனாம்.

"போதாது. நீ என்ன பண்றேன்னு இன்னொரு தடவை காட்டு."

அவன் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றைத் திறந்தான். திரை வெள்ளையாக நின்றது. "பாத்தியா?" என்று உடனே இரண்டாவதைத் திறந்தான். சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் படிப்பதற்குள் 'சரி' என்பதை அழுத்தி அதை விரட்டிவிட்டான். மூன்றாவதைத் திறந்தான். மறுபடியும் பெட்டி, மறுபடியும் 'சரி'.

"அண்ணா, அது என்னமோ சொல்லுது. நீ படிக்கவே இல்லையே?"

"அதையெல்லாம் யாரு படிப்பா?"

"நீ காதைப் பொத்திக்கிட்டா, பாவம், அது யாருகிட்டதான் சொல்லும்?"

அடுத்த பெட்டி வந்ததும் மவுஸைக் கையால் மூடிக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேமராவை வேறு ஒரு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

திரையின் அடியில் பார்த்தேன். அண்ணன் திறந்து, மூடாமல் விட்டவை எல்லாம் வரிசையாக நின்றன. காலையில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் நடக்கும் கூத்து எனக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணா, உள்ளே ஆள் இருக்கு! முதல்ல திறந்தது கேமராவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மத்ததெல்லாம் வெளிய நிக்குது!"

எல்லாவற்றையும் மூடினோம். வயரைப் பிடுங்கினேன். கேமராவை அணைத்து, மறுபடி போட்டுச் செருகினேன். ஒன்றே ஒன்றை மட்டும் திறந்தேன். அதே வெள்ளைத் திரை. அண்ணனின் கை மெல்ல மவுஸ் பக்கம் ஊர்ந்தது.

"கையைக் கட்டு. பழைய கேமரா, மெதுவாத்தான் வரும்."

அவன் கையைக் கட்டிக்கொண்டான். நான் எண்ணினேன். நூற்று நாற்பதில், திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் முளைத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் டிரைவர் மாமா!

அண்ணனை நன்றாகக் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவன் என்னைவிட அதிகமாகக் குதித்ததால் விட்டுவிட்டேன். அடுத்த நிமிடமே படத்தைப் பென்டிரைவில் ஏற்றி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தான். இன்றுவரை அதற்காக அவனுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

மறுநாள் மாலை, பேருந்து கிளம்பும் முன் போட்டோவைக் கொடுத்தோம். டிரைவர் மாமா ரொம்ப நேரம் பார்த்தார். அவர் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. தினமும் எங்களை எண்ணுவதுபோலவே எண்ணினார்.

"இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒரு ஆள் குறையுதே!"

"நான்தான் மாமா. நான் எடுத்தேன்ல, அதான்."

அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆள் குறைஞ்சு நான் வண்டி எடுத்ததே இல்ல. இன்னைக்கு மட்டும் எடுப்பேனா? எங்க கேமரா? எல்லாரும் இறங்குங்க!"

நல்லவேளையாகக் கேமரா என் பையிலேயே இருந்தது. வழியனுப்ப வந்த டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். மாமா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார்.

அந்தப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் மாமாவை நிமிர்ந்து பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன். "ரொம்ப நன்றி மாமா" என்று அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.