மணி அடிக்கட்டும்

பனி கொட்டிய அன்று, ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்கள் பாடம் நடத்திப் பழகும் மாதிரிப் பள்ளிக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. லோயிஸ் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய நாளோ அதுதான். பெண்களை ஆசிரியைகளாக்க மாசசூசெட்ஸில் புதிதாகத் திறந்திருந்த பயிற்சிப் பள்ளியின் பகுதி அது. தேறாதவள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். லோயிஸ் வந்த வழி பஞ்சாலை. அன்றும் விடியுமுன் எழுந்து பள்ளி விடுதிக்கு விறகு பிளந்து, தரை கழுவியதில் அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை.

"குழந்தைங்க வரலேன்னா என்ன? நீங்களே குழந்தைங்களா உக்காருங்க," என்றார் தலைமையாசிரியர் டில்லிங்ஹாம். அது அங்கே வழக்கம்தான். உடன் பயிலும் தோழிகள் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், இவ கிள்ளுறா," என்று சிணுங்கினாள் ஹல்டா.

"எனக்கு இருக்கிற அலுப்புக்கு நானே உன்னைக் கிள்ளிடுவேன். கையைக் கட்டு."

பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பின் சூடு எட்டாத கடைசிப் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஈரக் கம்பளியின் வாடை அடித்தது.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

யாரோ அச்சு அசலாக நடிக்கிறாள் என்று நினைத்தாள் லோயிஸ். "மணி அடிக்கட்டும். அதுவரைக்கும் அசையக் கூடாது."

கை இறங்கியது.

பாடம் முடிந்ததும் டில்லிங்ஹாம் தலையாட்டினார். "தேறிட்டம்மா. கெஞ்சினவளுக்கும் நீ மசியல. ஆமா, கடைசி பெஞ்சுல யாரு? நல்லா நடிச்சா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிப் பெஞ்சில் யாருமே இல்லை.

டில்லிங்ஹாமின் முகம் வெளுத்தது. ஹல்டா லோயிஸின் காதோரம் முணுமுணுத்தாள். "போன குளிர்ல பேஷன்ஸ்னு ஒரு குட்டிப்பொண்ணு. பாடம் படிக்கலைன்னு, இங்க பயிற்சிக்கு வந்த ஒருத்தி அவளை உக்கார வச்சுட்டு, அனுப்பவே மறந்துட்டுத் தூங்கப் போயிட்டா. அவளும் உன்ன மாதிரிதான், அவ்வளவு அலுப்பு. காலைல பார்த்தா, பிள்ளை அந்த பெஞ்சுலயே விறைச்சுக் கிடந்துச்சு."

'நீ போகலாம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லோயிஸுக்கு அது தெரிந்தது. தேறியாகிவிட்டது, அது போதும் என்று அதைச் சொல்லாமலே வெளியேறினாள்.

வசந்தத்தில் தொலைதூரக் கிராமமொன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள், நல்ல வெயில்.

ஈரக் கம்பளியின் வாடை.

கடைசிப் பெஞ்சில் அந்தக் கை.

லோயிஸ் பதறிப்போய் மணியை அடித்தாள். பிள்ளைகள் விட்டால் போதுமென்று ஓடின. கை மட்டும் இறங்கவில்லை.

"போ கண்ணு," என்றாள் அழுகையோடு. "வீட்டுக்குப் போ."

"வழி மறந்துபோச்சு டீச்சர்."

அவள் கைக்குள் சில்லென்று ஒரு சின்னக் கை நுழைந்தது.