மேசைக்கு அடியில் ஒரு பெடல்

தையல் மெஷின் ‘டகடக’வென்று ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், பட்டாணி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

பட்டாணி என்பது செல்லப் பெயர். வயது ஐந்து. நிலநடுக்கம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலைக் கொத்தனாரான அப்பா அந்த வாரமே பூசிவிட்டார். பட்டாணியின் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

மெஷின் ஓடினால் பலகைத் தரை லேசாக அதிரும். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அது போதும் அவனுக்கு. காதைப் பொத்திக்கொண்டு, “நிறுத்தும்மா! நிறுத்து!” என்று வீடே இரண்டுபடக் கத்துவான்.

அம்மா தையல்காரர். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இடிந்த வீடுகளில் சீருடையைத் தொலைத்த பிள்ளைகளுக்கு இருபத்தைந்து சட்டை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இன்று வெள்ளி. முடிந்தது ஆறே ஆறு.

“இப்படியே போனா, பிள்ளைங்க என்னத்தைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகும்?” என்று அம்மா மெஷினை நிறுத்தினார்.

“இந்தக் கேஸை என்கிட்ட விடும்மா,” என்றாள் அக்கா. வயது பத்து. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் தெருவே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும்.

வக்கீல் மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“டேய் பட்டாணி, இது வெறும் மெஷின். போன வருஷமும் ஓடுச்சு. வீடு விழுந்துச்சா? இல்ல. அதுக்கு முந்தின வருஷம்? அப்பவும் இல்ல. அப்புறம் எதுக்குப் பயம்? வெளியே வா.”

வாதத்தில் ஓட்டையே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மேசைவிரிப்புக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அன்னைக்கும் நீ லாரின்னுதானே சொன்னே?”



உண்மைதான். அன்று காலை தரை அதிர்ந்தபோது அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்காமல், “லாரி போகுதுடா, பேசாம இரு” என்றாள். அடுத்த நொடி அலமாரி சாய்ந்து, பாத்திரமெல்லாம் தம்பியைச் சுற்றி விழுந்தது. நல்லவேளை, அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா சொல்வதை அவன் நம்பவே இல்லை. அது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவளும் மேசைக்கு அடியில் நுழைந்தாள். தலை ‘ணங்’கென்று இடித்தது.

பட்டாணி களுக்கென்று சிரித்துவிட்டான்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்புடா,” என்றாள் தலையைத் தேய்த்துக்கொண்டே. “எனக்கு நிஜமாவே தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அப்புறம் ரொம்பப் பயந்துட்டேன். இப்பவும் பயம்தான்.”

“உனக்குமா?”

“பின்னே? இத்தனை நாளா கதவைத் தாழ்ப்பாள் போடாமத்தான் குளிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே!”

பட்டாணி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

“சரி, மெஷின்ல உனக்கு எது பயம்? சத்தமா, ஆட்டமா?”

அவன் யோசித்தான். “எப்ப நிக்கும்னு தெரியல. அதான்.”

வக்கீல் அங்கிருந்தபடியே மெஷினைப் பார்த்தாள். அம்மாவின் காலடியில் மெஷினை ஓட்டும் பெடல் கிடந்தது. அதில் நீளமான ஒயர்.

“அம்மா, ஊசியைக் கழட்டிட்டு அந்தப் பெடலை இப்படித் தள்ளேன்.”

“எதுக்குடி? மெஷினையே பிரிச்சுப் போடப் போறியா?”

“அம்மா! கேஸ் என்கிட்ட இருக்கு.”

அம்மா ஊசியைக் கழற்றிவிட்டுப் பெடலைத் தள்ளினார். ஒயர் மேசைவரை எட்டியது.

“இந்தா. அமுக்கினா ஓடும். கையை எடுத்தா நிக்கும். எப்ப நிக்கணும்னு நீயே முடிவு பண்ணு.”

பட்டாணி பெடலையே வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு விரலை வைத்தான்.

‘டக்.’

வெடுக்கென்று எடுத்தான். நின்றுவிட்டது. மறுபடி வைத்தான். ‘டகடகடக.’ தரை அதிர்ந்தது, டம்ளர்கள் கிணுகிணுத்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தான். எல்லாம் அடங்கியது.

“அக்கா! நான் நிறுத்தினா நிக்குது!”

அரை மணி நேரம் கழித்து அவன் பெடலைத் திருப்பிக் கொடுத்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான். “என்னைக் கேட்டுட்டுத்தான் ஓட்டணும்.”

அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும், “ஓட்டட்டுமா சார்?” என்று கேட்டார். “ஓட்டுங்க,” என்று பட்டாணி மேசைக்கு அடியிலிருந்து உத்தரவு கொடுத்தான். சனிக்கிழமை மேசைக்கு வெளியே உட்கார்ந்தே கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடவில்லை. ஆனாலும் தரை அதிர்ந்தது.

‘லாரி’ என்ற வார்த்தை வக்கீலின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

“என்னன்னு தெரியலடா, வா!” என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்ந்தாள். பின்னாலேயே அம்மாவும் நுழைந்தார். மூன்று பேருக்கு அங்கே இடம் போதவில்லை.

அதிர்வு அடங்கியது. பட்டாணிதான் முதலில் தவழ்ந்து வெளியே போனான். நாற்காலியில் ஏறி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

“லாரிதான்க்கா! சிமெண்ட் லாரி! அப்பா முன்னாடி உக்காந்துட்டு வர்றாரு!”

அக்காவும் அம்மாவும் மேசைக்கு அடியிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பட்டாணி குனிந்து மேசைவிரிப்பைத் தூக்கினான்.

“ரெண்டு பேரும் வெளியே வாங்க. இன்னும் நாலு சட்டை பாக்கி இருக்கு.”