ஆம்ப்ரோஸ் டட்டில் வைத்த வரிசை

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்குக் கல்லூரி ஆவணக் காப்பாளர் டெல்ஃபீன் வந்தபோது நல்ல பகல். ஆனாலும் நிலவறைக்குள் இருட்டு அப்பிக் கிடந்தது. ஈரமும் அச்சு மையும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. ஆம்ப்ரோஸ் டட்டில் இங்கே உட்கார்ந்துதான் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதினார். வெளியிட ஆள் கிடைக்காததால் தானே சிவப்பு மையால் பிழை திருத்தி, தானே அச்சடித்து, தானே தெருத்தெருவாக விற்றார். போன மாதம் கண்ணை மூடிவிட்டார். இப்போது குழாய் வெடித்துத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் தாள்களை வேனில் ஏற்றாவிட்டால் அத்தனையும் கூழாகிவிடும்.

"உங்க காலேஜு எங்கப்பாவ வாசல்லயே நிறுத்தி அனுப்புச்சு. இப்ப அவரு பேப்பருக்கு மட்டும் வேன் வருதாக்கும்!" என்று சீண்டினாள் அவர் மகள் ஜெனோபியா.

"அந்தக் காலேஜுல இப்ப நம்ம ஆளு நான் இருக்கேனே, அக்கா!"

"சரிதான், பாத்து நடந்துக்கடி. அவரு அடுக்குனத யாரு கலைச்சாலும் பொறுக்க மாட்டாரு."

இறந்தவர் வைத்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பாளர்களுக்குப் பாலபாடம். டெல்ஃபீனுக்குத் தெரியாததா? ஆனால் அவசரம் யாரை விட்டது! ஆண்டுவாரியாகப் பிரித்துப் பெட்டிகளில் போட்டாள். மேலே போய் ஜெனோபியாவோடு சோள ரொட்டி தின்றுவிட்டு இறங்கினாள்.

பெட்டிகள் காலி.

தாள்கள் அலமாரியில், பழையபடியே அடுக்கப்பட்டிருந்தன.

"அக்கா... நீங்க கீழ வந்தீங்களா?"

"உங்கூடத்தானேடி உக்காந்திருந்தேன்!" மேலிருந்து குரல் வந்தது.

டெல்ஃபீன் ஒரு தாள்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

கழுத்தருகே ஒரு மூச்சு.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் பாடுபட்டது சாக்கடைக்குப் போகும். பேயைவிட அந்த நினைப்புதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தப்புதான், ஐயா," என்று கிசுகிசுத்தாள். "நீங்க வெச்சபடியே எடுத்துக்கிறேன். தண்ணி ஏறுது. விடுங்க, ஐயா."

பிடி தளர்ந்தது.

வரிசை மாறாமல் கடைசிக் கட்டு வரை வேனில் ஏற்றினாள்.

மறுநாள் காலை கல்லூரியின் காப்பறைப் பூட்டைத் திறந்தாள். முந்தின மாலை அவளே பென்சிலால் எழுதி ஒட்டிய அட்டை பெட்டியின் மேல் இருந்தது: 'மறைந்த வரலாற்றாசிரியர் ஆம்ப்ரோஸ் டட்டிலின் தாள்கள்.' அந்த அறைக்குள் பேனா கொண்டுபோக யாருக்கும் அனுமதி கிடையாது.

'மறைந்த' என்ற சொல்லை யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

சிவப்பு மை இன்னும் காயவில்லை.