எட்மண்ட் பேரில் ஒரு வயிறு

ட்ரிங்... ட்ரிங்...!

"சார்! மண்ணூர்பேட்டை லேத் பட்டறை ஓனர் ஜம்புலிங்கம் செத்துக் கெடக்குறாரு! நேத்து ராத்திரி மண்டையில ஸ்பானர் அடி!"

இன்ஸ்பெக்டர் நாகேந்திரன் பாதி இட்லியோடு எழுந்தார். பாவம், வடையை இன்னும் தொடவே இல்லை!

பட்டறையில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

ஃபோர்மேன் எட்மண்ட்! பித்தளை திருடி மாட்டி, போன வாரம் வேலை போனவன். "உன்னைத் தீர்த்துடுவேன்" என்று ஓனரிடம் கத்தினானாம்.

வீட்டில் அவன் மனைவி லூர்தம்மாள் எகிறினாள்.

"இன்னா சார் அநியாயமா கீது! அவரு கரையான்சாவடி நர்சிங் ஹோம்ல கீறாரு. நேத்துதான் குடல்வால் ஆப்பரேஷன்!"

நர்சிங் ஹோம் டாக்டரும் தலையாட்டினார்.

"எட்மண்ட்தானே? நானே ஆப்பரேஷன் பண்ணேன். எழுந்து நிக்கவே முடியாது சார்."

சே! டாக்டரே சாட்சி என்றால் எட்மண்ட் கழுத்தில் எப்படிக் கயிறு ஏறும்?

கட்டிலில் ஒல்லியாய் ஒருவன்.

"நீதான் எட்மண்டா?"

"ஆ... ஆமா சார்..."

நாகேந்திரன் கடுப்போடு திரும்பினார். நர்ஸ் ஒரு ஸ்பூன் கஞ்சியை நீட்டினாள். அவன் கண்ணை மூடி முணுமுணுத்தான்.

"பிஸ்மில்லா..."

நாகேந்திரன் சட்டென்று நின்றார்!

"எட்மண்டு... இது எந்தச் சர்ச்சு ஜெபம்ப்பா?"

அவன் உடைந்தே போனான்.

"சார், நான் மஸ்தான்! அதே பட்டறைதான். வயித்து வலியில துடிச்சுகினு இருந்தேன். 'ஈ.எஸ்.ஐ. பத்தாதுன்னு தனியா மெடிக்ளெய்ம் போட்டு வச்சிருக்கேன் மச்சான். அதை உனக்கு மாத்தி வுட்டுட்டேன். எம் பேரச் சொல்லிப் படுத்துக்கோ'ன்னாரு. தங்கமான மனுசன்னு நெனச்சேன் சார்!"

"யோவ், அது இன்னா சைக்கிளா, ஓட்டிட்டுத் திருப்பிக் குடுக்க? பாலிசி எவன் பேர்ல கீதோ, அவன் உடம்புக்குத்தான்யா! உன்னை இங்க படுக்க வச்சுட்டு, அவன் அங்க ஆளைப் போட்டுத் தள்ளிட்டான்!"

"யா அல்லா!"

மாலையில் ஆவடி. கொழுந்தியா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து எட்மண்ட் இழுக்கப்பட்டான். விலங்கைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

"ஐயோ சார்... குடல்வால் வலி... ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ சார்..."

நாகேந்திரன் சிரித்தார்.

"அதைத்தான் நேத்தே அறுத்து எடுத்தாச்சே! நட மாமே, ஸ்டேஷனுக்கு!"