மேலிருந்து அமுக்கும் கை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேண்ட் சா மெஷின், பட்டறைக்கு வந்த நாளிலிருந்து பிளேடுகளைத் தின்றுகொண்டிருந்தது. வாரக்கணக்கில் இரும்பு அறுக்க வேண்டிய பிளேடு ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. பட்டறைக்காரி விடுகிற ஆளா? புருஷன் போன பிறகு, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றவர்களின் வாயை அடைத்தவள் அவள். பிளேடின் இறுக்கத்தைச் சரிபார்த்தாள். பிளேடு சூடேறாமல் ஊற்றும் கூலண்டை மாற்றினாள். வேகத்தைக் குறைத்தாள். தூள் தட்டும் பிரஷ்கூடப் புதுசு. ஊஹூம்.

கடைசி பிளேடை மாட்டிய மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்தன் வாசலில் கைகட்டி நின்றான்.

"அண்ணி, சாயங்காலத்துக்குள்ள இந்தக் கம்பியெல்லாம் அறுத்துத் தரலைன்னா ஆர்டர் போயிடும். பேசாம பட்டறையை மூடிடலாம்."

"நீ மொதல்ல வாயை மூடு தம்பி." கழற்றிப் போட்ட பிளேடை நீட்டினாள். "பாரு. பல்லு தேயல, உடைஞ்சிருக்கு. மேலேருந்து யாரோ அமுக்கினாத்தான் இப்படி உடையும்."

"யாரு அமுக்குறது? பிளேடு மாட்டின மெஷின் கை தானாத்தானே இறங்குது?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. புது பிளேடு என்றால் முதல் வெட்டு பூப்போல இருக்க வேண்டும். பல் பழகும்வரை அழுத்தவே கூடாது. கை மெதுவாக இறங்கட்டும் என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை அவளே முக்கால்வாசி அடைத்திருந்தாள்.

மெஷினை விற்ற தரகருக்குப் போன் போட்டாள்.

"முன்னே ஓட்டினவருக்குப் பொறுமையே கிடையாதும்மா," அவர் குரலைத் தாழ்த்தினார். "தானா இறங்குற கையை உள்ளங்கையால அமுக்கிக்கிட்டே நிப்பார். ரெண்டு விரல் போயும் புத்தி வரல. கடைசியில அது மேலயே சாஞ்சு உயிர் போச்சு."

"இதை அப்பவே சொன்னா என்னவாம்?" போனை வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள்.

பிளேடு கம்பியைத் தொட்டது. சீரான இரைச்சல்.

பிறகு சத்தம் மாறியது.

கீச்சென்று அலறிக்கொண்டு கை கீழே இறங்கியது. குப்பென்று புகையிலை வாடை. அவள் காதருகே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பட்டறையில் புகையிலை போடுகிறவர் யாருமில்லை.

"அண்ணி..." கொழுந்தன் கிசுகிசுத்தான். "வெளியே வந்துடுங்க."

"எதுக்கு வரணும்? இது என் பட்டறை!"

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பிளேடுக்கு எட்டாத முனையில் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, இறங்கும் கையைத் தாங்கினாள். மேலே ஓர் ஆள் பாரம்.

"எடுய்யா கையை! உன் அவசரத்துக்கு உன் விரல் போச்சு, உசிரு போச்சு. என் பொழைப்பு போகாது!"

பாரம் கூடியது. முழங்கால் மடங்கியது.

"எடுன்னா எடு!"

பாரம் விட்டது.

அறுந்த துண்டு 'டங்'கென்று விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு பிளேடைப் பார்த்தாள். ஒரு பல்கூட உடையவில்லை. சாயங்காலம் வந்த வண்டி எல்லாக் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு போனது.

"அண்ணி, உங்க தோள்ல..." கொழுந்தனுக்கு நாக்கு குழறியது.

சட்டைத் தோளில் ஈரம் காயாத எண்ணெய்த் தடம். உள்ளங்கை, கட்டைவிரல், இரண்டே விரல்கள்.

அவள் அதைத் துடைக்கவில்லை. மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"இருக்கறதுன்னா இருந்துக்கோ," என்றாள் மெஷினைப் பார்த்து. "ஆனா இன்னொரு தடவை அமுக்கினே, நடக்கிறதே வேற."

கரண்ட் இல்லாத மெஷினின் கை, மெல்ல, தானாக மேலே எழும்பி நின்றது.