மூன்றாவது பிளக்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு யாரும் அவசரமாக மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. நின்று தொலைத்த பிறகுதான் ஆள் தேடுவார்கள். அதனால் அந்தப் பழைய வீட்டின் முன் தன் வேனை நிறுத்தி இறங்கியவனுக்கு, பின்பக்கக் கொட்டகையிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டதும் சற்று வியப்பாக இருந்தது. போனில் பேசிய அம்மாள், "வண்டி திக்குது தம்பி, சீக்கிரம் வாங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மதியம்தான். ஆனால் மேகம் கூரை வரைக்கும் இறங்கி, விளக்குப் போட வேண்டிய இருட்டாகியிருந்தது.

தொழிலில் அவனுக்குக் 'காது' என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால் போதும், உள்ளே எது உரசுகிறது, எது தளர்ந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பான். "எஞ்சின் முனகினா கேட்குது, நான் தொண்டை கிழியக் கத்தினா கேட்கல. இது என்ன காதோ!" என்று அவன் மனைவி கேலி செய்வாள். அதெல்லாம் போன மாதம் வரைக்கும். இப்போது அவள் இல்லை.

அவள் போனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுவது மாதிரி இருந்தது. "அழுதுடுடா, பாரம் குறையும்" என்று அக்கா தினமும் சொல்லிப் பார்த்தாள். வந்தால்தானே அழுவதற்கு? வேலைக்குக் கூப்பிட்டால் போனான். சோறு போட்டால் தின்றான்.

கொட்டகைக்குள் பெட்டி மாதிரி ஒரு பழைய கார். சைலன்சர் வாயில் குழாய் ஒன்றைச் செருகி, சுவரில் ஓட்டை போட்டுப் புகையை வெளியே விட்டிருந்தார்கள். வீட்டுக்குள் போகும் கதவு ஒன்று கொட்டகையிலேயே இருந்தது. அது பாதி திறந்திருந்தது. ஈரத்துணி வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து, மூக்கை விட்டுப் போகாமல் நின்றன.

அந்த அம்மாள் காரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"எப்போதிருந்தும்மா ஓடுது?"

"மழை ஆரம்பிச்சதிலிருந்து."

மழை ஆரம்பித்தது போன வாரம். பாவம், இந்த அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாவிப் பக்கம் கையை நீட்டினான். அவர் எழுந்து வந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"அணைக்கக் கூடாது. ஓடுறப்பவே பாருங்க. உங்களால முடியும்னு சொன்னாங்க."

வாதாடத் தெம்பில்லாமல் பானெட்டைத் தூக்கினான். எஞ்சின் சீராக ஓடுவதும், சட்டென்று தடுக்கி விழுவதும், தட்டுத் தடுமாறி எழுவதுமாக இருந்தது. பீரோ தூக்கும் நாலு பேரில் ஒருவன் ஏய்த்தால் மற்ற மூவரும் தள்ளாடுவார்களே, அதே கதைதான். ஏய்க்கிற சிலிண்டர் எது என்று பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஓடும்போதே, சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் பிளக்கின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றியதும் எஞ்சின் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. தொய்யவில்லை என்றால் செத்தது அதுதான்.

ரப்பர் பிடி போட்ட குறடால் முதல் வயரைக் கழற்றினான். எஞ்சின் தொய்ந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ மூச்சு இழுத்தது.

வயரை மாட்டினான். மூச்சு சீரானது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்று இரண்டாவதைக் கழற்றினான்.

மறுபடி அதே இழுப்பு. இந்த முறை நீளமாக.

"மெதுவா தம்பி" என்று அந்த அம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவதைக் கழற்றினான். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை.

உள்ளேயும் இல்லை.

"உள்ளே யாரும்மா?"

"என் வீட்டுக்காரர். போய்ப் பாருங்க."

கட்டிலில் கழுத்து வரை போர்த்தியபடி ஒருவர் கிடந்தார். கண் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. வெளியே எஞ்சின் தடுக்கும்போது நெஞ்சும் பாதியில் தடுக்கி நின்றது. அது எழுந்தபோது இதுவும் எழுந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைத் தொட்டான். மழையில் போட்டு வைத்த இரும்பு போலச் சில்லிட்டிருந்தது. விரல்கள் விறைத்து மடங்க மறுத்தன. அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். போன மாதம்தான் தொட்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வண்டியில உக்கார வெச்சேன்" என்றார் பின்னால் வந்து நின்ற அம்மாள். அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "சாவியைத் திருகுறேன், அவருக்குக் கடைசி மூச்சு போகுது. எஞ்சின் பிடிச்சுது. அவரும் பிடிச்சுக்கிட்டார். வாசல் தாண்டுறதுக்குள்ள வண்டி அணைஞ்சுது, அவரும் நின்னுட்டார். மறுபடி ஸ்டார்ட் பண்ணேன், வந்துட்டார். வண்டியைக் கொட்டகைக்கே திருப்பி, அவரை இழுத்து வந்து கட்டில்ல கிடத்தினேன். அப்புறம் நான் அணைக்கவே இல்ல தம்பி. இப்ப திக்குது. நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பின்னங்கால் பிடரியில் பட ஓடியிருப்பார்கள். அவன் ஓடவில்லை. அவன் நினைப்பெல்லாம் தன் வேனில் இருந்தது. அன்று பக்கத்து சீட்டில் மனைவி சாய்ந்து கிடக்க, ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினான். வாசலில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பது கையோடு ஊறிய தொழில் பழக்கம். சாவியைத் திருகினான். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. "வழியிலேயே போயிருக்கும்" என்றார் டாக்டர். எதையும் தப்பாகக் கேட்காத காது அது. அவள் வழியில் போகவில்லை.

சாவியைத் திருகிய பிறகுதான் போனாள்.

இப்போதும் அழுகை வரவில்லை.

"அணைக்காமலே சரி பண்ணிடலாம்மா" என்றான். "நீங்க அவர் பக்கத்துல உக்காருங்க."

ஓடும் எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவது கொதிக்கிற எண்ணெயில் கை விடுவதற்குச் சமம். மூன்றாவது வயரைத் தள்ளிக் கட்டிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பிளக் ஸ்பானரைப் போட்டுத் திருகினான். கரி பிடித்துக் கறுத்த பிளக் வெளியே வந்தது. திறந்த துளையிலிருந்து புஸ், புஸ் என்று காற்று பீறிட்டது. சூடாக இருக்க வேண்டிய காற்று. அவன் கன்னத்தில் அது குளிர்ந்து பட்டது.

புஸ். புஸ். புஸ்.

புதுப் பிளக்கை எடுத்தவன் அப்படியே நின்றான்.

காற்றுக்குள் ஏதோ இருந்தது.

குனிந்து, துளையருகே காதைக் கொண்டுபோனான். ஒவ்வொரு பீறலும் பல்லிடுக்கில் கசியும் பேச்சுப் போல வந்தது. துண்டு துண்டாக வந்தது மெல்ல ஒன்று சேர்ந்தது.

"நிறுத்து."

அவன் அசையவில்லை.

"போதும். நிறுத்து."

"தம்பி, அது என்ன சத்தம்?" உள்ளேயிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

சாவி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. ஒரு திருகு. கெஞ்சுகிறவர் செத்தவர், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. கதவிடுக்கில், விறைத்த கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்தான்.

"காத்துதாம்மா" என்றான்.

புதுப் பிளக்கைத் துளையில் வைத்துத் திருகினான். கடைசிச் சுற்றில் அந்தக் குரல் நசுங்கிக் கீச்சிட்டு அடங்கியது. தேவைக்கு மேல் இன்னொரு சுற்று இறுக்கினான். வயரை மாட்டியதும் எஞ்சின் புதுசு போல ஓடியது. உள்ளே மூச்சும் சீரானது.

"பாருங்களேன், குழந்தை மாதிரி தூங்குறார்!" அந்த அம்மாள் சிரித்தார். அவன் கருவிகளைத் துடைக்காமலே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

மழை வலுத்திருந்தது. இந்த ஒரு மாதமாக இருந்தது போலவே, வீடு வரை அவன் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் வேனை நிறுத்தினான். பழக்கம் கையைச் சாவிக்குக் கொண்டுபோனது. அப்போதுதான் பார்த்தான். அவன் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. காலியாக இருந்த பக்கத்து சீட்டின் கண்ணாடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

கையைச் சாவியிலிருந்து எடுத்தான். ஒரு மாதமாக எங்கேயோ அடைபட்டுக் கிடந்த அழுகை அவனை உலுக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எஞ்சினில் காதை வைத்தால் அவள் குரல் கேட்கும். என்ன சொல்லுவாள் என்பதும் தெரியும். அதனால் அவன் பானெட்டைத் திறக்கவே இல்லை.

அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னடா, வண்டியை அணைக்காம உக்காந்திருக்கே? சாப்பாடு ஆறிப் போகுது." குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தவள் ஓர் அடி பின்வாங்கினாள். "டேய்... பக்கத்துல யாரு?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெட்ரோல் முள் கீழே படுத்துக் கிடந்தது.

"அக்கா, உள்ள ஒரு கேன் இருக்கும், எடுத்துட்டு வா" என்றான். "பங்க்கைச் சாத்துறதுக்குள்ள நீ போய் வாங்கிட்டு வந்துடு. நான் இறங்க முடியாது."